நேற்று விழுந்த பந்து இன்று ஏன் விழவில்லை?

குளுவாங்கிலிருந்து மெர்சிங் நோக்கிப் போகும் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது காஹாங். எண்டாவ்-ரொம்பின் காட்டைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஊர் வழியாகத்தான் போவார்கள். ஜொகூரின் இத்தகைய சிறு ஊர்களில் பிள்ளைகளுக்குப் பந்து என்றால் முதலில் காற்பந்து, அடுத்து பூப்பந்து. கூடைப்பந்து வளையம் பள்ளித் திடலின் ஓரத்தில் நிற்கும். அதன் அடியில் மாலை நேரங்களில் யாராவது ஒருவர் தனியாகப் பந்தை எறிந்துகொண்டிருப்பார்.

அப்படி ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பள்ளி அணியில் புதிதாகச் சேர்ந்தவள். ஒரே கோட்டில் நின்று ஒரு மாலையில் நூறு முறை எறிகிறாள். முதல் இருபதில் ஆறு விழுகிறது, கடைசி இருபதில் பதினைந்து. கை பழகிவிட்டது என்று நம்பி வீட்டுக்குப் போகிறாள். சனிக்கிழமை குளுவாங்கில் ஆட்டம். எதிரணி செய்த தவறுக்காக அதே தூரத்திலிருந்து இரண்டு எறிகள் கிடைக்கின்றன. ஒன்று வளையத்தின் முன்விளிம்பில் தட்டுகிறது. மற்றொன்று பின்விளிம்பில் பட்டுத் துள்ளி வெளியே போகிறது.

பதினைந்து விழுந்த கை எங்கே போயிற்று? பூப்பந்தில் 'சர்வ்' பழகியவருக்கும், தேர்வுக்கு முதல்நாள் ஒரே வகைக் கணக்கை இருபது முறை போட்டுப் பார்த்த மாணவருக்கும் இதே கேள்வி எழுந்திருக்கும். வீட்டில் சொல்லும் பதில் 'பயந்துவிட்டாய்' என்பது. திடலில் சொல்லும் பதில் 'இன்னும் நூறு எறி' என்பது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால், முன்னேற வேண்டும் என்ற வேகத்தோடு தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழையும் புதியவர்களைப் பார்த்தால் வேறொரு பதில் கிடைக்கிறது. அதற்குப் போவதற்கு முன் அந்தப் பந்தையும் வளையத்தையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

வளையம் எவ்வளவு பெரியது?

கூடையின் வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் உள்விட்டம் 45 செண்டிமீட்டர். ஆண்கள் ஆடும் பந்தின் விட்டம் ஏறத்தாழ 24 செண்டிமீட்டர். பந்தைப் போல இரண்டு பங்குக்குச் சற்றே குறைவான வாய். தாராளமான இடம் என்றுதான் தோன்றும்.

ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். முழு வட்டம் தெரியும். மெல்லச் சாய்த்துக்கொண்டே போனால் வட்டம் ஒடுங்கி, கடைசியில் ஒரு கோடாகிவிடும். பறந்து வரும் பந்துக்கு வளையம் அப்படித்தான் 'தெரிகிறது'. நேர் மேலிருந்து விழும் பந்துக்கு முழு 45 செண்டிமீட்டரும் திறந்திருக்கும். சாய்ந்து வரும் பந்துக்கு வாய் ஒடுங்கும். பந்து வளையத்துக்குள் இறங்கும்போது தரைமட்டத்தோடு காட்டும் சாய்வை 'இறங்கு கோணம்' என்றும், கையை விட்டுக் கிளம்பும்போது காட்டும் சாய்வை 'எறி கோணம்' என்றும் வைத்துக்கொள்வோம். இறங்கு கோணம் 30 பாகையாக இருந்தால் பந்துக்கு முன் இருக்கும் திறப்பு 22.5 செண்டிமீட்டர்தான். பந்தோ 24. விளிம்பில் படாமல் உள்ளே போக வழியே இல்லை.

இனி ஒரே ஓர் எறியை முழுதாகப் பின்தொடர்வோம். எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் 'ஃப்ரீ த்ரோ'வையே எடுத்துக்கொள்ளலாம். தடுக்க ஆளில்லாமல் தனியாக நின்று எறிவதால் இதைத் 'தனி எறி' என்போம். கோட்டிலிருந்து வளையத்தின் நடுப்புள்ளிக்குக் கிடைத்தூரம் ஏறத்தாழ 4.2 மீட்டர். எறிபவரின் கையை விட்டுப் பந்து 2.1 மீட்டர் உயரத்தில் பிரிகிறது என்று கொள்வோம். காற்றின் தடையை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

45 பாகையில் எறிந்தால் என்ன ஆகும்? பள்ளியில் 'மிக அதிகத் தூரம் போக 45 பாகை' என்று படித்தது நினைவுக்கு வரலாம். ஆனால் இங்கே பந்து கையைவிட உயரமான இடத்தில் போய் இறங்க வேண்டும். 45 பாகையில் கிளம்பும் பந்து 29 பாகை அளவில் படுத்தபடி வந்து சேரும். திறப்பு 22 செண்டிமீட்டருக்கும் குறைவு. நடுப்புள்ளிக்கே குறிபார்த்து எறிந்தாலும் விளிம்பு தட்டும். 52 பாகையில் எறிந்தால் இறங்கு கோணம் ஏறத்தாழ 40 பாகை, திறப்பு கிட்டத்தட்ட 29 செண்டிமீட்டர். 60 பாகையில் எறிந்தால் திறப்பு 35 செண்டிமீட்டரைத் தாண்டுகிறது.

அப்படியானால் வானத்தைப் பார்த்து எறிவதுதானே புத்திசாலித்தனம்? அங்கேதான் கதை திரும்புகிறது.

நூற்றில் ஒரு பங்கு வேகம்

52 பாகையில் எறியும்போது பந்து நொடிக்கு 7.2 மீட்டர் அளவு வேகத்தில் கிளம்ப வேண்டும். இப்போது எறிபவர் சிறிது பிசகுகிறார். வேகம் சரியாக இருந்து, கோணம் மட்டும் ஒரு பாகை தவறினால் பந்து எங்கே இறங்கும்? கணக்குப் போட்டால் நடுப்புள்ளியிலிருந்து ஒரே ஒரு செண்டிமீட்டர்தான் விலகுகிறது. கோணம் சரியாக இருந்து, வேகம் மட்டும் நூற்றில் ஒரு பங்கு கூடினால்? பந்து 11 செண்டிமீட்டர் தள்ளிப் போய் விழுகிறது.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 52 பாகை எறியில் விளிம்பு தொடாமல் பந்து போக, முன்பின் விலகல் 4 செண்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு விழுக்காடு வேகப் பிசகே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. விளிம்பில் தட்டி உள்ளே சாயும் பந்துகள் இருப்பதால்தான் எல்லோரும் பிழைக்கிறார்கள். பக்கவாட்டில் 10 செண்டிமீட்டருக்கு மேல் இடம் இருக்கிறது. ஆகவே தனி எறி என்பது முதலில் வேகத்தைச் சரியாக மறுபடி மறுபடி கொண்டுவரும் வேலை. கோணத்தைப் பற்றித் திடல்களில் நடக்கும் விவாதங்களைக் கேட்கும்போதெல்லாம் இந்த 11 செண்டிமீட்டரை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

60 பாகைக்குப் போனால் வாய் பெரிதாகிறது, உண்மைதான். ஆனால் அங்கே ஒரு பாகை தவறினால் பந்து ஏழெட்டு செண்டிமீட்டர் விலகிவிடும். தேவைப்படும் வேகமும் கூடுகிறது. 52 பாகைக்கு அருகில்தான் மிகக் குறைந்த வேகம் போதும், கோணப் பிழையும் கிட்டத்தட்ட மன்னிக்கப்படுகிறது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சாவ் டிரான், லேரி சில்வர்பர்க் என்ற இரு பொறியியலாளர்கள் கணினியில் இலட்சக்கணக்கான எறிகளைப் பறக்கவிட்டு 2008-இல் வெளியிட்ட முடிவும் இதே 52 பாகைதான். நொடிக்கு மூன்று சுற்று அளவில் பின்சுழற்சியும் வேண்டும் என்றார்கள். பின்புறமாகச் சுழலும் பந்து, வளையத்துக்குப் பின்னுள்ள பலகையிலோ பின்விளிம்பிலோ பட்டதும் வேகம் தணிந்து கூடைக்குள் சாய்கிறது.

உயரம் கொடுக்கும் ஆறு செண்டிமீட்டர்

பந்தை விடும் இடம் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்பது இந்தக் கணக்கிலிருந்து உடனே தெரியும். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஆடியவர்களிலேயே மிகக் குள்ளமானவர் மக்ஸி போக்ஸ், 1.60 மீட்டர். ஷக்கீல் ஓ'நீல் 2.16 மீட்டர். போக்ஸ் 1.8 மீட்டர் உயரத்திலும் ஓ'நீல் 2.5 மீட்டர் உயரத்திலும் பந்தை விடுகிறார்கள், இருவரும் 53 பாகையில் எறிகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், போக்ஸின் பந்துக்கு வளையத்தின் திறப்பு ஏறத்தாழ 27 செண்டிமீட்டர். ஓ'நீலின் பந்துக்கு 33. ஆறு செண்டிமீட்டர் சலுகை.

ஆனால் நடந்தது என்ன? தன் விளையாட்டு வாழ்க்கை முழுவதிலும் போக்ஸ் 100 தனி எறிகளில் ஏறத்தாழ 83-ஐக் கூடைக்குள் போட்டார். ஓ'நீல் போட்டது 53. உயரம் தரும் சலுகையை ஒரே வேகத்தை மீண்டும் கொண்டுவரும் திறமை விழுங்கிவிடுகிறது. பிறப்பில் கிடைக்காத அந்தத் திறமையைப் பயிற்சியில்தான் சம்பாதிக்க வேண்டும். அதற்காக உழைத்த புதியவர்களிடம் போவதற்கு முன், கை ஏன் பிசகுகிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

கை ஏன் ஒரே மாதிரி எறிவதில்லை?

மூளை தசைக்கு அனுப்பும் கட்டளை ஒருபோதும் சுத்தமாகப் போய்ச் சேர்வதில்லை. நரம்பின் ஒவ்வொரு துடிப்பிலும் சிறிய ஏற்ற இறக்கம் உண்டு. இதைச் 'சிதறல்' என்று அழைப்போம். 1998-இல் கிறிஸ் ஹாரிஸ், டேனியல் வொல்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: கட்டளை எவ்வளவு வலுவானதோ சிதறலும் அவ்வளவு பெரிது, நம் உடல் தன் அசைவுகளை இந்தச் சிதறலின் விளைவு மிகக் குறைவாக இருக்கும்படிதான் தேர்ந்தெடுக்கிறது. கை கால்களின் இயல்பான அசைவுகளோடு இந்தக் கருத்து நன்றாகப் பொருந்தியது.

குறைந்த வேகம் கேட்கும் 52 பாகை ஏன் வசதியானது என்பது இப்போது இன்னும் தெளிவாகிறது. குறைந்த வேகத்துக்குக் குறைந்த வலு, குறைந்த வலுவுக்குக் குறைந்த சிதறல். கோணமானியைத் தொட்டே பார்க்காத ஆட்டக்காரர்கள் பல்லாயிரம் எறிகளில் தாமாகவே இந்த இடத்தை நெருங்கி வருகிறார்கள். மனித உடலைப் பற்றிய எனக்கு மிகவும் பிடித்த செய்திகளில் இது ஒன்று.

சிதறலை அறவே ஒழிக்க முடியாது. என்.பி.ஏ. ஆட்டக்காரர்களின் ஒட்டுமொத்தத் தனி எறி வெற்றி 1970-களிலிருந்து பல பத்தாண்டுகள் 75 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. அண்மை ஆண்டுகளில்தான் 78-ஐத் தொட்டிருக்கிறது. காலணி மாறியது, உணவு மாறியது, உடற்பயிற்சி மாறியது. அந்த எண் மட்டும் பெரிதாக அசையவில்லை. இவ்வளவு காலம் இவ்வளவு பேர் எறிந்து பழகியும் ஏன்?

ஒரே இடத்தில் எறிந்த நூறு

இதற்கு விடை தேடும்போது முதலில் ஒரு பழைய சோதனையைச் சொல்ல வேண்டும். 1978-இல் ராபர்ட் கெர், பெர்னார்ட் பூத் என்ற ஆய்வாளர்கள் எட்டு வயதுக் குழந்தைகளிடம் சிறு பயறுப் பைகளைக் கொடுத்து இலக்கை நோக்கி எறியச் சொன்னார்கள். ஒரு குழு மூன்றடி தூரத்திலிருந்த இலக்குக்கே எறிந்து பழகியது. மற்றொரு குழு இரண்டடிக்கும் நான்கடிக்கும் மாறி மாறி எறிந்தது. மூன்றடிக்கு எறியவே இல்லை. சில வாரங்கள் கழித்து இரு குழுக்களுக்கும் மூன்றடியில் சோதனை. மூன்றடியையே பழகியவர்களைவிட, அதைத் தொடாதவர்களே நன்றாக எறிந்தார்கள்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எறியும்போது மூளை என்ன செய்கிறது என்று யோசித்தால் வியப்பு குறையும். பத்தாவது எறி சற்றுக் கூடிப்போனால் பதினோராவதில் சற்றுக் குறைத்துக்கொள்கிறோம். முந்தைய எறியின் நினைவு கையிலேயே சூடாக இருக்கிறது. எறியை முதலிலிருந்து உருவாக்கும் வேலை நடப்பதில்லை, முன் எறியைத் திருத்தும் வேலைதான் நடக்கிறது. ஆட்டத்திலோ முன் எறி என்று எதுவும் கிடையாது. ஓடிக் களைத்து, மூச்சு வாங்கி, கோட்டில் வந்து நிற்கும்போது தூரத்தையும் வலுவையும் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வரவழைக்க வேண்டும். காஹாங் மாணவி பழகாமல் விட்டது இதைத்தான்.

பூப்பந்து நாட்டில் வாழும் நமக்கு இன்னும் நெருக்கமான சோதனை 1986-இல் வந்தது. சினா கூட், ரிச்சர்ட் மேகில் இருவரும் பூப்பந்து அறியாத பெண்களுக்கு மூன்று வகை 'சர்வ்'களை மூன்று வாரம் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு ஒரு நாளில் ஒரே வகையைப் பழகியது. இதை 'அடுக்குப் பயிற்சி' என்போம். இன்னொரு குழு அடுத்து எந்த வகை வரும் என்று தெரியாதபடி மூன்றையும் கலந்து பழகியது. இது 'கலப்புப் பயிற்சி'. பயிற்சி முடிந்தபின் வைத்த சோதனையில் கலப்புக் குழு முந்தியது. அதுவரை நிற்காத பக்கத்திலிருந்து போடச் சொன்னபோதும் முந்தியது.

இந்த வகை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு செய்தி உண்டு. பயிற்சி நடக்கும் நேரத்தில் பார்த்தால் அடுக்குப் பயிற்சிக்காரர்களே சிறந்தவர்களாகத் தெரிவார்கள், கலப்புக்காரர்கள் தடுமாறுவார்கள். மறுநாள் நிலைமை தலைகீழாகிவிடும். இதைவிட முக்கியமானதை 2001-இல் டொமினிக் சைமன், ராபர்ட் பியோர்க் இருவரும் காட்டினார்கள். விசைகளை ஒரு குறிப்பிட்ட வரிசையில் தட்டக் கற்றவர்களிடம், 'நாளை எவ்வளவு நன்றாகச் செய்வீர்கள்?' என்று கேட்டார்கள். அடுக்காகப் பழகியவர்கள் மிகுந்த நம்பிக்கையோடு பதில் சொன்னார்கள். மறுநாள் அவர்களே பின்தங்கினார்கள். பயிற்சியின்போது கிடைக்கும் சரளம், கற்றுவிட்டோம் என்ற உணர்வைத் தருகிறது. கற்றலைத் தருவதில்லை.

கூடைப்பந்திலேயே ஒரு விசித்திரத்தை 2005-இல் கேத்ரின் கீச்சும் அவருடைய சகாக்களும் கண்டார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்களை வெவ்வேறு தூரங்களிலிருந்து நின்றபடி எறியச் சொன்னால், தூரம் கூடக்கூட வெற்றி சீராகக் குறைகிறது. பலகையிலிருந்து 15 அடியில் இருக்கும் தனி எறிக் கோட்டில் மட்டும் அந்தச் சீரை மீறி வெற்றி துள்ளி எழுகிறது. ஆயிரமாயிரம் முறை எறிந்த அந்த ஒரு புள்ளிக்கென்று மூளை தனி ஏடு வைத்திருக்கிறது. ஆனால் அதே 15 அடியிலிருந்து எம்பிக் குதித்து எறியச் சொன்னபோது அந்தத் துள்ளல் காணாமல் போயிற்று. ஒரே இடத்தில் எறிவது வீண் என்று நான் சொல்லவில்லை. அது தரும் பலன் அந்த இடத்துக்கும் அந்த நிலைக்கும் மட்டுமே உரியது, விலையும் மிக அதிகம்.

தொடக்கநிலையில் இருப்பவருக்குக் கொஞ்ச நாள் அடுக்குப் பயிற்சி தேவைதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பந்தை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாதவரிடம் ஐந்து இடங்களிலிருந்து எறியச் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். அசைவின் வடிவம் பிடிபட்டதும் கலக்கத் தொடங்கலாம்.

ஒரு வாரமும் ஒரு நீண்ட கோடையும்

இனி அந்தப் புதியவர்களிடம் வருவோம். கோவாய் லெனர்டை 2011 ஜூன் 23 அன்று என்.பி.ஏ.வின் ஆட்டக்காரர் தேர்வில் 15-ஆவதாக எடுத்தார்கள். அன்றே அவர் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். பெரிய கைகள், அபாரத் தடுப்பாட்டம். ஆனால் தூரத்திலிருந்து எறிவதில் பலவீனம். கல்லூரியின் முதலாண்டில், தொலைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிகளில் அவருடைய வெற்றி 21 விழுக்காட்டுக்கும் குறைவு, இரண்டாம் ஆண்டில் 29. ஸ்பர்ஸ் அணியின் எறிதல் பயிற்றுநர் சிப் எங்கலண்டுக்குக் கிடைத்த நேரமோ ஒரு வாரம்தான். ஜூலை 1 முதல் அணி உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் ஊதியப் பிணக்கு, கதவடைப்பு. அணிக்காரர்கள் ஆட்டக்காரர்களோடு பேசவே கூடாது. அது டிசம்பர் வரை நீடித்தது.

எங்கலண்ட் செய்த மாற்றம் சிறியது. லெனர்ட் பந்தைத் தலைக்கு மேல் மிகவும் பின்னால் கொண்டுபோய் எறிவார். அதை முன்னே கொண்டுவரச் சொன்னார். பிறகு அந்தக் கோடையும் இலையுதிர்காலமும் முழுக்க லெனர்ட் தன் சொந்த முயற்சியில் பழக வேண்டியிருந்தது. டிசம்பர் 25 அன்று தொடங்கிய பருவத்தில் அவருடைய மூன்று புள்ளி வெற்றி 37.6 விழுக்காடு. அன்றைய கல்லூரிக் கோட்டைவிட என்.பி.ஏ. கோடு ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளி இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தூரம் கூடியபோது வெற்றியும் கூடியது. தனி எறியில் முதல் பருவத்தில் 77 விழுக்காட்டில் இருந்தவர் சில ஆண்டுகளில் 87-ஐத் தாண்டினார். 2014-இல் இறுதிப் போட்டித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான்.

பழகிய அசைவை மாற்றும்போது என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை ஓரளவு விழுந்துகொண்டிருந்த பந்து மாற்றிய முதல் நாட்களில் அதைவிட மோசமாகத்தான் விழும். பணமும் பெயரும் வந்து சேர்ந்த ஓர் இளைஞர், பார்க்க ஆளில்லாத மாதங்களில், அந்தத் தோல்விகளைச் சகித்துக்கொண்டு எறிந்துகொண்டே இருக்க வேண்டும். புதியவரின் வேட்கை என்று நாம் புகழ்வது அதிகாலை நான்கு மணிக்கு எழுவதையும் வியர்வையையும்தான். என் கணிப்பில், நன்றாக ஆடுகிறோம் என்ற உணர்வைக் கொஞ்ச காலம் விட்டுக்கொடுக்கத் துணிவதே அதில் மிக அரிய பகுதி.

பல்லோ கேயிலிருந்து டல்லஸ்

நமக்கு நெருங்கிய கதை ஒன்று இந்தியாவின் பஞ்சாபில் இருக்கிறது. பர்னாலா மாவட்டத்தின் பல்லோ கே கிராமத்து விவசாயியின் மகன் சத்னாம் சிங், 2.18 மீட்டர் உயரம். லூதியானா கூடைப்பந்துக் கழகத்தில் பயிற்றுநர் சுப்பிரமணியனிடம் அடிப்படை கற்றார். 2010-இல் பதினான்கு வயதில் உதவித்தொகையோடு அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள பயிற்சிக் கழகத்துக்குப் போனார். ஆங்கிலம் சரியாகத் தெரியாது. 2015 ஜூன் 25 அன்று டல்லஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52-ஆவதாகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. தேர்வில் இடம்பிடித்த முதல் ஆள் அவர்.

அதன் பிறகு அவர் போய்ச் சேர்ந்தது டல்லஸின் வளர்ப்பு அணியான டெக்சஸ் லெஜண்ட்ஸ். இரண்டு பருவங்கள் அங்கே இருந்தும் களத்தில் கிடைத்த நேரம் மிகக் குறைவு. என்.பி.ஏ.வின் வழக்கமான பருவத்தில் ஒருமுறைகூட அவர் ஆடவில்லை. இதைச் சோம்பலின் கதையாக யாரும் வாசிக்கக் கூடாது. பத்தொன்பது வயதில் அவரோடு போட்டியிட்ட அமெரிக்க இளைஞர்கள் ஆறேழு வயதிலிருந்தே அக்கம்பக்க ஆட்டங்களில் தினமும் ஆடியவர்கள். ஒவ்வொரு ஆட்டமும் ஒரு கலப்புப் பயிற்சிதான். ஒரே எறி அங்கே இரண்டு முறை வராது. தூரம் மாறும், தடுப்பவர் மாறுவார், களைப்பு மாறும். அந்த ஆயிரக்கணக்கான மாறிய எறிகளைத் தனியறையில் கடும் உழைப்பால் மட்டும் ஈடுகட்டுவது மிகக் கடினம். திறமையான இளைஞருக்கு ஆடும் நேரம் கொடுக்காமல் வைத்துக்கொண்டே வளர்ச்சியை எதிர்பார்ப்பது அறிவியலுக்குப் பொருந்தாத எதிர்பார்ப்பு.

சென்னையில் தெற்கு ரயில்வேக்காக ஆடிய கேரளத்துப் பெண் கீத்து அன்னா ஜோஸ் இதை முன்கூட்டியே உணர்ந்தவர் போலத் தோன்றுகிறது. 2006-இல் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்குப் போய்ச் சில பருவங்கள் தொழில்முறையில் ஆடினார். ஆஸ்திரேலியக் கழகம் ஒன்றில் அப்படி ஆடிய முதல் இந்தியப் பெண் அவர். 2011-இல் அமெரிக்கப் பெண்கள் லீக்கின் மூன்று அணிகள் அவரைச் சோதனை ஆட்டத்துக்கு அழைத்தன. இடம் கிடைக்கவில்லை. ஆனால் தாய்நாட்டில் தனக்கு நிகரான எதிரிகள் குறைந்தபோது எதிரிகளைத் தேடிக் கடல் கடந்த அந்த முடிவு எனக்குப் பெரிதாகப்படுகிறது. அதே தெற்கு ரயில்வேயின் தமிழ்நாட்டு ஆட்டக்காரர் அனிதா பால்துரை ஒன்பது ஆசியப் போட்டித் தொடர்களில் இந்தியாவுக்காக ஆடி, 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். இப்படிப்பட்டவர்களைப் பற்றி நம் பாடநூல்களில் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும்.

கண்ணும் உறக்கமும்

எறிவதற்குச் சற்று முன் கண் எங்கே இருக்கிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். கனடாவின் கல்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், சிறந்த பெண் ஆட்டக்காரர்கள் கை அசையத் தொடங்குவதற்கு முன்பே பார்வையை வளையத்தின் ஒரு புள்ளியில் நிறுத்தி, ஏறத்தாழ ஒரு நொடி அப்படியே வைத்திருந்தார்கள். அதே அளவு அனுபவம் இருந்தும் குறைவாகப் போட்டவர்களின் பார்வை அதில் பாதி நேரம்கூட நிற்கவில்லை. இந்த 'நிலைப்பார்வை'யைக் கற்றுக்கொண்ட ஒரு பல்கலைக்கழக அணியின் தனி எறி வெற்றி இரண்டு பருவங்களில் சுமார் 54 விழுக்காட்டிலிருந்து 76-க்கு ஏறியது. அது ஒரே ஓர் அணியின் கதை என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் முயன்று பார்க்கச் செலவே இல்லாத பயிற்சி இது.

உறக்கமும் அப்படித்தான். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் செரி மா 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பதினொரு கூடைப்பந்தாட்டக்காரர்கள் ஐந்து முதல் ஏழு வாரங்கள் வரை இரவில் பத்து மணிநேரம் படுக்கையில் கழிக்க முயன்றார்கள். தனி எறியிலும் மூன்று புள்ளி எறியிலும் ஏறத்தாழ 9 விழுக்காடு முன்னேற்றம். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாததால் அந்த 9-ஐ அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் பழகிய அசைவுகள் உறக்கத்தில் நிலைபெறுகின்றன என்பதற்கு வேறு பல ஆய்வுகளும் துணை நிற்கின்றன. இரவு வெகுநேரம் விழித்துப் பந்தெறியும் பிள்ளையைப் பாராட்டும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

எந்த எறியை எண்ணுவது?

இதையெல்லாம் ஒரு சிறு ஊரின் திடலில் எப்படிச் செய்வது? பெரிய கருவி எதுவும் தேவையில்லை. தரையில் ஐந்து இடங்களைச் சுண்ணாம்பால் குறித்துக்கொள்ளலாம். எந்த இடத்திலிருந்தும் அடுத்தடுத்து இரண்டு முறை எறியக் கூடாது. தனி எறியை ஒரே மூச்சில் ஐம்பது போடாமல், ஓட்டத்துக்கும் தடுப்பாட்டப் பயிற்சிக்கும் நடுவே இரண்டிரண்டாகப் போடலாம், ஏனென்றால் ஆட்டத்தில் அது பெரும்பாலும் இரண்டாகத்தான் கிடைக்கும். எறியுமுன் வளையத்தின் ஒரு புள்ளியில் ஒரு நொடி பார்வையை நிறுத்தலாம். பந்து தவறினால் இடமா வலமா என்பதோடு, குறைந்ததா கூடியதா என்பதையும் உரக்கச் சொல்லப் பழகலாம். வேகத்தின் பிசகு அங்கேதான் தெரியும்.

முன்னேற்றத்தை அளக்கும் முறையையும் மாற்ற வேண்டும். இன்றைய பயிற்சியின் கடைசி இருபது எறிகள் காட்டுவது, கை எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை மட்டும்தான். மறுநாள் திடலுக்கு வந்ததும், உடலைச் சூடேற்றிய பின், ஒத்திகை எறி எதுவும் இல்லாமல் போடும் முதல் பத்தைக் குறித்து வைக்க வேண்டும். தேதியும் விழுந்த எண்ணிக்கையும் போதும். அந்த எண் மெதுவாகத்தான் ஏறும், சில வாரங்கள் இறங்கவும் செய்யும். பயிற்றுநரும் பெற்றோரும் பார்க்க வேண்டிய பக்கம் அதுதான்.